வம்பும் விருந்தும்

ஊரில் அமைதி கெடுப்பவனைச் சுட்டுவதற்குத் தமிழில் பெயர்ப் பஞ்சம் என்றுமே இருந்ததில்லை. கலகக்காரன், குழப்பவாதி, விஷமி, போக்கிரி, ரவுடி, கேடி, குண்டன் என்று வரிசை நீளும். இவற்றுள் பெரும்பாலானவை வெளியிலிருந்து வந்தவை. கலகம் வடமொழியிலிருந்து வந்தது. போக்கிரி தெலுங்கு வழியாக வந்தான். ரவுடி ஆங்கிலத்தோடு கப்பலேறி வந்தான். குண்டன் இந்தியிலிருந்து வந்து, இங்கே ஒரு சட்டத்துக்கே பெயர் கொடுத்துவிட்டான். கூட்டத்தில் பழந்தமிழ் முகத்தோடு நிற்பவன் ஒருவன் உண்டு. அவன்தான் வம்பன்.

வம்பு, வம்பன், வம்புக்காரன், வம்புச்சண்டை, வம்பளப்பு, வம்படி. வம்பை விலைக்கு வாங்குகிறோம், வம்புக்கு இழுக்கிறோம், ஊர்வம்பு பேசுகிறோம். இத்தனை புழக்கத்தில் இருக்கும் சொல் எங்கே பிறந்தது என்று தேடிப் போனால், கிடைக்கும் விடை சற்றே சங்கடப்படுத்துகிறது. சங்கப் பாடல்களில் இச்சொல் குறிக்கும் மனிதன் தொல்லை கொடுப்பவன் அல்லன். பல இடங்களில் தொல்லைக்கு ஆளாகி உயிர்விடுபவன்.

வகுப்பில் பாலைத்திணைப் பாடல்களை நடத்தும்போது ஆண்டுதோறும் ஒரு மாணவராவது கேட்பதுண்டு: "வம்பலர் என்றால் வம்பு செய்கிறவர்களா, ஐயா?" இயல்பான கேள்விதான். வம்பலர் என்பதற்கு வழிப்போக்கர், புதியவர் என்று உரைகாரர்கள் பொருள் எழுதுவார்கள். பாலை வழியில் பொருள் தேடிச் செல்லும் வம்பலரை மறைந்திருந்து அம்பெய்து கொல்பவர்கள் ஆறலை கள்வர். கொல்லப்பட்டவரின் உடலைத் தழையாலும் கல்லாலும் மூடிய குவியலுக்குப் பதுக்கை என்று பெயர். அந்தப் பதுக்கை யானைக்கு நிழலாகும் அளவுக்கு உயர்ந்திருக்கும் என்கிறது குறுந்தொகையின் 77ஆம் பாடல். எங்கிருந்தோ வந்தவன், பெயர் தெரியாதவன், கேட்க ஆளில்லாதவன்: இவனே வம்பலன். இன்றைய வழக்கின்படி அந்தக் காட்சியைச் சொல்வதானால், வம்பு செய்தவர் அம்பெய்தவர், மாண்டவர் அல்லர். ஆனால் சொல் மாண்டவர் பக்கமே நின்றது.

வம்பு என்ற சொல்லின் மூலப் பொருள் என்ன? தொல்காப்பியத்தின் உரியியல் இதற்கு நிலையின்மை என்று பொருள் வகுக்கிறது. சங்க இலக்கியத்தில் இதனோடு புதுமை என்ற பொருளும் பின்னிக் கிடக்கிறது. பருவம் தப்பிப் பெய்யும் மழை வம்ப மாரி. குறுந்தொகை 66இல் அந்த மழையைக் கார்காலம் என்று நம்பிப் பூத்துவிட்ட கொன்றை மரங்களின் பேதைமையைச் சொல்லித் தோழி தலைவியைத் தேற்றுகிறாள். தமிழகத்தின் எல்லைவரை தேரோட்டி வந்த மோரியரை அகநானூறு 251இல் மாமூலனார் வம்ப மோரியர் என்கிறார். அகநானூறு 375இல் வம்ப வடுகர் வருகிறார்கள். தலையாலங்கானத்துப் போரில் இளம்பாண்டியன் நெடுஞ்செழியனை எதிர்த்து வந்தவர்களை இடைக்குன்றூர் கிழார் வம்ப மள்ளர் என்று பாடுகிறார். இந்த இடங்களில் ஓர் ஏளனம் ஒட்டியிருப்பது உண்மை. 'நேற்று முளைத்தவர்கள்' என்று இன்று நாம் சொல்வதில் இருக்கும் அதே தொனி. எனினும் அடிப்படைப் பொருள் புதியவர் என்பதே. அதே புதுமைப் பொருளிலிருந்துதான் பக்திப் பாடல்களில் வம்பு என்பது புதுமலரின் நறுமணமாகவும் விரிந்தது. ஒரே சொல்லுக்கு ஒரு கிளையில் வாசம், இன்னொரு கிளையில் வசை.

சிலப்பதிகாரத்திலும் ஒரு காட்சி உண்டு. இந்திரவிழவு ஊரெடுத்த காதையில் புகாரின் வெள்ளிடை மன்றம் வருகிறது. வம்ப மாக்கள், அதாவது வெளியூரிலிருந்து வந்த வணிகர், தம் பெயரும் அளவும் எழுதிய பொதிகளை அங்கே திறந்த வெளியில் குவித்து வைத்திருக்கிறார்கள். பூட்டும் இல்லை, காவலரும் இல்லை. எவனாவது திருடினால் அந்தப் பொதியைக் கழுத்து ஒடியச் சுமந்துகொண்டு மன்றத்தைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வெளியேற வழி கிடைக்காது. தெய்வ நம்பிக்கை கலந்த கதை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அதன் உள்ளே ஒரு நகரத்தின் ஒழுக்கம் இருக்கிறது. காப்பாற்றப்பட வேண்டியது வந்தவனின் பொருள். ஐயத்துக்கு உரியவன் இருப்பவன்.

இந்த இடத்தில் இன்னொரு சொல்லையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். அது விருந்து. விருந்து என்பதற்கும் புதுமை என்பதே முதற்பொருள். தொல்காப்பியச் செய்யுளியல் புதிதாகப் புனையும் யாப்பைக் குறிக்கவே விருந்து என்ற சொல்லை ஆள்கிறது. பின்னர் அது புதிதாக வந்தவரைக் குறித்தது. அதன்பின் அவருக்கு இடும் உணவைக் குறித்தது. இன்று உறவினரும் நண்பரும் கூடி உண்பதையே விருந்து என்கிறோம். ஆனால் திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரத்துக்கு உரை எழுதும் பரிமேலழகர், முன்பே அறிமுகமாகி வருபவர், அறிமுகம் இல்லாமலே வருபவர் என்று விருந்தினரை இருவகையாகப் பிரிக்கிறார். முகம் அறியாதவனும் விருந்தினனே.

ஆக, புதுமை என்ற ஒரே கருவில் பிறந்த இரண்டு சொற்கள். ஒன்று நடுவீட்டுக்குப் போய் இலை போட்டு அமர்ந்தது. மற்றொன்று தெருவில் நின்று சண்டைக்காரன் என்று பெயர் வாங்கியது. நிலையற்றது என்பதிலிருந்து பயனற்றது, பயனற்றதிலிருந்து பொய், பொய்யிலிருந்து பூசல் என்று வம்பின் பொருள் இறங்கியது. பிற்கால நூல்களில் வம்பர் என்றால் வீணர், தீயோர். தந்தை இன்னாரென்று ஊர் ஏற்காத குழந்தையை வம்புப் பிள்ளை என்று சொன்ன கொடுமையும் நடந்தது. புதியவன் தொல்லைக்காரன் ஆகிவிட்டான்.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததன்று. இலத்தீனில் ஹோஸ்டிஸ் என்ற சொல் தொடக்கத்தில் அயலானைக் குறித்தது. பின்னர் பகைவனைக் குறித்தது. இந்தப் பொருள் மாற்றத்தைச் சிசரோவே குறித்திருக்கிறார். அதே வேரிலிருந்து விருந்தினனைக் குறிக்கும் ஹோஸ்பெஸ் என்ற சொல்லும் பிறந்தது. அங்கே ஒரு வேரிலிருந்து இரு கிளை. இங்கே ஒரு பொருளிலிருந்து இரு சொல். வாசலில் வந்து நிற்கும் அயலானைக் கண்டு மனித மனம் எங்கும் இப்படித்தான் இரண்டாகப் பிரிந்திருக்கிறது போலும்.

இதையெல்லாம் எழுதும்போது எனக்குக் கடப்பாக்கம் நினைவுக்கு வருவது தற்செயல் அன்று. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் இந்த ஊர், இடைக்கழிநாட்டின் ஒரு பகுதி. சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்தவர். 269 அடிகள் கொண்ட அப்பாட்டு முழுவதுமே ஒரு வழிப்போக்கின் கதை. பரிசு பெற்ற பாணன், வறுமையோடு எதிரே வரும் பாணனை ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் போகச் சொல்லி, வழியில் எந்த ஊரில் யார் என்ன உணவு தருவார்கள் என்று விவரிக்கிறான்.

முதலில் வருவது கடலோர எயிற்பட்டினம். அதை மரக்காணம் என்பார் பலர். கடப்பாக்கத்தை ஒட்டிய ஆலம்பரை என்பாரும் உண்டு. அங்கே கரையொதுங்கிய அகில்மரக் கட்டைகள் படுத்துறங்கும் ஒட்டகங்கள் போலக் கிடக்கின்றன. நுளையர் வீட்டுப் பெண் வடித்த கள்ளும் சுட்ட மீனும் பாணர்க்குக் கிடைக்கும். அடுத்து வேலூர். அங்கே எயிற்றியர் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும் தருவார்கள். எயினர் என்றவுடன் பாலைப் பாடல்களில் வம்பலரை அம்பெய்து வீழ்த்துபவர்களே நம் நினைவுக்கு வருவார்கள். அதே எயினர் குடியின் பெண்கள் இங்கே, இன்னாரென்று தெரியாத ஒரு பாணர் கூட்டத்துக்குச் சோறிடுகிறார்கள். ஒரே நிலம், ஒரே மக்கள். வழிப்போக்கன் ஒரு பாட்டில் வம்பலன். இன்னொரு பாட்டில் விருந்தினன்.

சிறுபாணாற்றுப்படையில் உமணரும் வருகிறார்கள். உப்பு வண்டிகளோடு ஊர் ஊராகச் செல்லும் அவர்களின் குழந்தைகளோடு, உடன்வந்த மந்தி விளையாடுகிறது. நிலையாக ஓரிடத்தில் இராமல் உப்பைச் சுமந்து திரிந்த மக்கள் இந்த நாட்டுக்கு எவ்வளவு பழக்கமானவர்கள் என்பதற்கு அந்தக் குரங்குக் குட்டிச் சித்திரம் ஒன்றே போதும். கடப்பாக்கத்துக்கு அருகே செய்யூரிலும் மரக்காணத்திலும் இன்றும் உப்பளங்கள் உண்டு. இந்த உப்புதான் நம் கதையின் அடுத்த திருப்பத்துக்கு வழிவிடுகிறது.

ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகளைப் பார்த்தவர்களுக்கு அதன் வரலாறு ஓரளவு தெரிந்திருக்கும். முகலாயர் ஆட்சிக் காலத்தில் எழுந்த கோட்டை. துறைமுகமும் நாணயச்சாலையும் இருந்த இடம். 1750இல் முசாபர் ஜங் அதைப் பிரெஞ்சுக்காரர் தூய்ப்ளேக்குக் கொடுத்தார். 1760இல் ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்தனர். பழைய சொல்லில் கூறினால் இருவருமே வம்ப மாக்கள். கடல்வழியே வந்த புதியவர்கள். சில ஆண்டுகளில், 1763இல், செங்கல்பட்டுச் சீமை கம்பெனியின் ஜாகீராயிற்று. வந்தவர்கள் இருப்பவர்களாகி, ஏடும் எழுதுகோலும் எடுத்தார்கள். அதன்பின் யார் உள்ளூரான், யார் வெளியாள், யார் தொல்லைக்காரன் என்பதை எழுதும் உரிமை அவர்களிடம் போய்ச் சேர்ந்தது.

முழுப் பழியையும் அவர்கள் மேல் போட்டுவிட முடியாது. செங்கல்பட்டின் மிராசு முறையே உழுகுடிகளை உள்குடி என்றும் பரகுடி என்றும் பிரித்து வைத்திருந்தது. அந்த முறை பற்றி எல்லிஸ் துரை எழுதியது 1818இல் அச்சேறியது. திருக்குறளை மொழிபெயர்த்த அதே எல்லிஸ்தான். ஆனால் பரகுடி என்பது உழவில் ஒரு நிலை மட்டுமே, குற்றம் அன்று. 1795 முதல் 1895 வரையிலான செங்கல்பட்டு வட்டாரத்தை ஆராய்ந்த யூஜின் இர்ஷிக், இடம்பெயர்ந்துகொண்டே இருந்த மக்களை ஓரிடத்தில் நிலைநிறுத்துவது அக்காலத்தின் பெரும் முனைப்பாக இருந்ததை 1994இல் வெளியான தம் நூலில் விளக்கியிருக்கிறார். நிலையின்மையே தொல்லை என்ற எண்ணம் அரசின் கொள்கையாகிக்கொண்டிருந்தது. தொல்காப்பியர் வம்புக்குச் சொன்ன பொருளும் நிலையின்மைதானே!

1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு கம்பெனியின் தனியுரிமையாயிற்று. பின்னர் இருப்புப்பாதை வந்தது. 1877-78ஆம் ஆண்டுகளின் பஞ்ச காலத்தில் விரிவாக்கப்பட்டு, பக்கிங்காம் பெயரைப் பெற்ற கால்வாய் மரக்காணம் வரை படகுகளுக்கு வழி தந்தது. கழுதையிலும் பொதிமாட்டிலும் உப்பும் தானியமும் ஏற்றித் திரிந்த குறவர்களின் பிழைப்பு படிப்படியாக ஒடுங்கியது. வணிகம் போயிற்று; திரிதல் மட்டும் எஞ்சியது. காரணமில்லாமல் திரிபவர்களாக அவர்கள் அதிகாரியின் கண்ணில் பட்டார்கள். மீனா ராதாகிருஷ்ணா இந்த வீழ்ச்சியை 2001இல் வெளியான தம் ஆய்வில் விரித்துரைத்திருக்கிறார். வடஇந்தியாவில் 1871இல் வந்த குற்றப் பழங்குடிகள் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. உமணரின் தொழிலைச் செய்த உப்புக்குறவர் இன்றும் தமிழக அரசின் சீர்மரபினர் பட்டியலில் இருக்கிறார்கள். சங்கப் பாட்டில் மந்தியோடு விளையாடிய குழந்தைகளின் தொழில்வழி வாரிசுகள், பிறக்கும்போதே குற்றவாளிகள் என்று எழுதப்பட்டார்கள்.

மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றார்கள். ஊரைவிட்டுப் போக ராதாரிச் சீட்டு வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் முகம் காட்ட வேண்டும். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து, பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் நீங்கியது; நாடு முழுவதும் 1952இல் நீங்கியது. சட்டம் போனது. சொல் போகவில்லை. சென்னைத் தெருவில் ஏமாற்றுக்காரனைத் திட்ட 'கேப்மாரி' என்கிறார்கள். அது செங்கல்பட்டு, திருச்சி வட்டாரங்களில் வாழும், சீர்மரபினர் பட்டியலில் உள்ள ஒரு குடியின் பெயர் என்பது சொல்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2019இல் அதே சொல்லைத் தலைப்பாகக் கொண்டு ஒரு திரைப்படமும் வெளியாயிற்று. ஒரு சமூகத்தின் பெயரை வசவாக்கி அதன் பிள்ளைகள் காதில் விழும்படி கூவிக்கொண்டிருக்கிறோம்.

கேடி என்ற சொல்லின் கதையும் இதே ஏட்டிலிருந்து வந்ததுதான். சென்னை மாகாணக் காவல்துறை, தான் கண்காணிக்கும் ஆட்களை ஆங்கிலத்தில் 'நோன் டெப்ரடேட்டர்' என்று பதிந்தது. பெயர் தெரிந்த கொள்ளைக்காரர் என்பது அதன் பொருள். அதன் முதலெழுத்துகள் கே, டி. தமிழ்க் காதுக்கு அதில் கேடு என்ற சொல்லும் கேட்டுவிட்டதால், அது நம் சொல்லாகவே ஒட்டிக்கொண்டது. பிறகு 1982இல் தமிழகத்தில் வந்த தடுப்புக்காவல் சட்டம் குண்டர் சட்டம் என்று பெயர் பெற்றது. விசாரணை இன்றி ஓராண்டு வரை ஒருவரைச் சிறையில் வைக்க அது இடம் தருகிறது. கள்ளச்சாராயம் காய்ச்சுபவர், போதைப்பொருள் விற்பவர் என்று தொடங்கிய அதன் பட்டியலில் பின்னர் திருட்டு வீடியோ, மணல், இணையக் குற்றங்கள் என்று பலவும் சேர்ந்தன. உண்மையான கொடியவர்கள் ஊரில் உண்டு. அவர்களைத் தண்டிக்கச் சட்டமும் வேண்டும். இங்கே சொல்ல வருவது வேறு. ஒருவன் செய்த செயலுக்குப் பெயர் வைப்பது ஒன்று. செயலுக்கு முன்பே ஆளுக்குப் பெயர் வைத்துவிடுவது இன்னொன்று. வம்பன் என்ற சொல்லின் வரலாறு முழுவதும் இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

நியாயம் கேட்பவர்களை மடக்கவும் இதே சொல் உதவும். 1963இல் அமெரிக்காவின் பர்மிங்காம் நகரில் நிறவெறிக்கு எதிராகப் போராட்டம் நடந்தபோது, வெளியாட்கள் வந்து தூண்டுகிறார்கள் என்று வெள்ளையின மதகுருமார் எட்டுப் பேர் அறிக்கை விட்டார்கள். சிறையில் இருந்த மார்ட்டின் லூதர் கிங் அதற்கு எழுதிய பதில் உலகப் புகழ் பெற்றது. அநீதி இங்கே இருப்பதால்தான் நான் இங்கே வந்தேன் என்பது அவர் வாதத்தின் சாரம். நம்மிடமும் 2017 ஜனவரியில் மரீனாக் கடற்கரையின் ஜல்லிக்கட்டுப் போராட்டம் கலைக்கப்பட்டபோது, சமூக விரோதிகள் ஊடுருவிவிட்டார்கள் என்ற விளக்கமே முன்வைக்கப்பட்டது. உள்ளூர்க்காரன் கேட்டால் அது கோரிக்கை. வெளியூர்க்காரன் கேட்டால் அது வம்பு. இந்த வகையில் வடமொழியிலிருந்து வந்த கலகம் கொடுத்துவைத்த சொல். கலகம் பிறந்தால் நியாயம் பிறக்கும் என்று அதற்காகப் பரிந்து பேச ஒரு பழமொழியாவது இருக்கிறது. வம்புக்கு அப்படியும் ஒன்று வாய்க்கவில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் வம்பன் என்று ஓர் ஊர் உண்டு. அங்கே பயறு வகை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே உருவான உளுந்து ரகங்களுக்கு வம்பன் 6, வம்பன் 8 என்று பெயர். உழவர்கள் அந்தப் பெயரைக் கொஞ்சமும் தயங்காமல் நல்ல விதைக்கான சொல்லாகவே உச்சரிக்கிறார்கள். சொல்லின் மேல் படிந்த கறையைப் பழக்கம் கழுவிவிடவும் முடியும் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

இப்போது புதிய சொல் ஒன்று நம் கண்முன்னே உருவாகிக்கொண்டிருக்கிறது: 'வடக்கன்'. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து கட்டட வேலையிலும் உணவகங்களிலும் உழைப்பவர்களைக் குறிக்கும் சொல். திசையை மட்டும் சுட்டிய சொல் மெல்ல மெல்லத் திருடன், தொல்லைக்காரன் என்ற நிழலைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் இங்கே தாக்கப்படுகிறார்கள் என்ற பொய்க் காணொளிகள் பரவின. செய்தி பொய். ஆனால் பலர் அஞ்சி ஊருக்கு ரயிலேறியது உண்மை. வம்ப வடுகர் என்று அகநானூறு சொன்னதற்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் கிடக்கின்றன. திசைகூட மாறவில்லை.

நத்தத்தனாரின் வழியில் இன்று நடப்பவர்கள் அவர்கள்தாம். கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்துத் தகரக் கொட்டகைகளில் அவர்கள் சமைத்து உண்கிறார்கள். பழைய பாணர்களைப் போலவே பசியால் புறப்பட்டு, யாரோ சொன்ன வழியைக் கேட்டு வந்தவர்கள். அவர்களுக்கு வைக்க நம்மிடம் இரண்டு பழஞ்சொற்கள் உள்ளன. இரண்டுக்கும் புதியவர் என்றுதான் பொருள். எதை வைப்பது என்பது வருபவர் கையில் இல்லை. இருப்பவர் வாயில் இருக்கிறது.